அம்மாவின் தூக்கத்துக்கு ஆன்லைன் சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், நான்காவது கீமோ முடிந்தது. கீமோவோடு தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போடும் நாட்களில் தூக்கம் வராது, அது தெரிந்ததுதான். இப்போது மற்ற நாட்களிலும் இரண்டு மணிக்கே எழுந்து இருட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். (வீட்டில் இனி பூண்டே இல்லை.)

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையை விட முதலில் சிபிடி-ஐ (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை) முயலச் சொல்லி அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது. தூக்க டைரி எழுதுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இப்படிச் சில வாரங்கள். வீடியோ காலிலும் நடத்துகிறார்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பார்களாம், அதுதான் உதைக்கிறது. ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவரை எப்படி?

கீமோ நடக்கும்போதே இதை எடுத்தவர்கள் உண்டா? தமிழில் பேசும் உளவியலாளர் யாரையாவது தெரியுமா? கட்டணம் எவ்வளவு? ஆங்கில ஆப் மட்டும் வேண்டாம், அம்மாவுக்கு ஒத்துவராது.