வால் டோர்ச்சா படங்கள்: எடுத்த இடத்தில் நடந்தது

மலைநாடோடி:
இத்தாலியின் டஸ்கனியில், வால் டோர்ச்சா பள்ளத்தாக்கில் எடுத்த படங்களை ஏற்றிவிட்டேன். சான் குவிரிகோ ஊருக்கு வெளியே, பனிமூட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீடும் சைப்ரஸ் மரங்களும் தெரியுமே, பொதேரே பெல்வெதேரே, எல்லாரும் எடுக்கிற அதே காட்சிதான். மே மாத விடியல். சாலையோரம் முழுக்க ட்ரைபாடுகள். கோணம் சரியில்லை என்று சிலர் கோதுமைக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். வெயில் ஏறி பனி கலைந்ததும் எல்லாரும் காரைப் பார்த்து நடந்தார்கள். அப்போதுதான் டிராக்டரில் ஒரு பெரியவர் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கி, மிதிபட்ட பயிரை இரண்டு கையாலும் அள்ளி நிமிர்த்திப் பிடித்தார். கையை எடுத்ததும் சாய்ந்தது. பால் பிடிக்கிற பருவத்துக் கதிர், தண்டு அடியிலேயே ஒடிந்திருந்தது. பக்கத்துப் பிடியை அள்ளினார். அதுவும் சாய்ந்தது. படத்துக்கு யாராவது பாராட்டு எழுதினால் எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணில் வருகின்றன.

கரிசல்மண்:
வயலில் இறங்கியது தவறுதான், சரி. ஆனால் படம் எடுக்க வருகிறவர்களால் அந்த ஊருக்குக் கெடுதல் மட்டும்தான் என்பதுபோல முடித்துவிட்டீர்களே. நாங்கள் பியென்சா பக்கம் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரர் வாய்விட்டே சொன்னார், கோதுமையை மட்டும் நம்பினால் கூரையைக்கூடப் பழுது பார்க்க முடியாது என்று.

என் மனதில் நிற்பது அவருடைய அப்பா. ஆகஸ்டில் போனதால் பச்சை எதுவும் இல்லை. அறுப்பு முடிந்து உழுதுபோட்ட களிமண், தலையளவு கட்டிகளாகக் கிடந்தது. இரவுச் சாப்பாட்டில் என் செல்போனை அவரிடம் கொடுத்தேன். விட்டலேட்டா சிற்றாலயம் குன்றின்மேல் நிற்கிற படத்தை ரசிப்பார் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டிப் போய், வேறொரு படத்தின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினார். கூரை இடிந்த ஒரு கல் வீடு. நான் கவனிக்கவே இல்லை. "அங்கேதான் பிறந்தாராம்" என்றார் மகன். வாரக் குத்தகைக் குடும்பம், விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. அந்த வகைக் குத்தகையைப் புதிதாக எழுதக் கூடாது என்று 1964இல் சட்டமே வந்தது, அதற்கு முன்பே பலர் நகரத்து ஆலை வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நாம் "ஆள் இல்லாத அழகு" என்று எடுக்கிற வீடுகளில் பல, ஆட்கள் விட்டுப்போன வீடுகள். பெரியவர் போனைத் திருப்பித் தரவே இல்லை, சாப்பாடு ஆறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒளிவேட்டை:
என் அனுபவம் சிறியது. பான்யோ வின்யோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம்தானே, அதில் இறங்க அனுமதி இல்லை. கீழே பழைய ஆலைகளுக்கு அந்த நீர் ஓடும் வாய்க்காலில் ஒரு பெண் காலை நனைத்துக்கொண்டிருந்தார். ரோமுக்கு நடந்தே போகிற யாத்ரீகர், வியா ஃபிரான்சிஜெனா என்ற பழைய யாத்திரைப் பாதை அவ்வழியாகத்தானே போகிறது. குதிகால் முழுக்கக் கொப்புளம். கேமராவைத் தூக்கினேன், தலையை மட்டும் அசைத்தார். இறக்கிவிட்டேன். இன்றும் அந்தப் படம் இல்லையே என்று இருக்கிறது.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். பச்சை வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, ஜூனில் பொன்னிறம், ஜூலையில் அறுவடை. அகலக் கோண லென்ஸை நம்பாதீர்கள், குன்றுகள் தட்டையாகிவிடும். 70-200 மி.மீ. டெலி லென்ஸ் இருந்தால் மடிப்புமேல் மடிப்பாக அடுக்கலாம். பக்கவாட்டு வெயில் வேண்டும், உச்சி நேரத்தில் மேடுபள்ளமே தெரியாது. வெள்ளைச் சரளைச் சாலைகளில் காரை வழியில் நிறுத்தாதீர்கள், அறுவடை இயந்திரம் திரும்ப இடம் வேண்டும். பழைய ஊர்களுக்குள் அனுமதி இல்லாமல் காரை விட்டால் கண்காணிப்புக் கேமரா பிடித்து அபராதம் வீட்டுக்கே வரும். எடிட் செய்யும்போது பச்சையை ஏற்றாதீர்கள், அந்தக் களிமண்ணின் சாம்பல் நிறம் செத்துப்போகும். அப்புறம், ஃபிரேமில் ஆள், டிராக்டர் வந்தால் போகிறவரை பொறுத்திருங்கள்.

தாழம்பூ:
கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன், ஒளிவேட்டை. பக்கத்து நகரமான சியெனாவின் நகர மன்றக் கட்டடம் பலாட்சோ புப்ளிகோவில் ஓவியர் லொரென்செட்டி 1338-39இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது, நல்லாட்சி நடந்தால் ஊரும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்று. நான் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தது கோட்டைவாசலில் ஒரு விவசாயி ஓட்டிக்கொண்டு வருகிற பன்றியை. கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளைப் பட்டை. அந்த இனம் இன்றும் அங்கே வளர்கிறது. குன்றுகளில் கதிரடிக்கிறார்கள், கோவேறு கழுதைகளில் மூட்டை வருகிறது. ஆள் இல்லாத குன்று என்பதே அந்த ஓவியருக்குத் தோன்றவில்லை. யுனெஸ்கோ 2004இல் வால் டோர்ச்சாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் மனிதர் உருவாக்கிய நிலக்காட்சி என்பதற்காகத்தான். உழுது, மரம் நட்டு, பாதை போட்டவர்கள் அவர்கள். அவர்கள் போகட்டும் என்று நாம் காத்திருப்பதா? என் படங்களில் டிராக்டரும் இருக்கும், துணி காயும் கொடியும் இருக்கும். நாளைக்கு ஏற்றுகிறேன், பாருங்கள்.