கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்த சீலியாக் சோதனை: இனி என்ன செய்வது?

வயது 34, பெண். 14 மாதங்களாக வயிறு என் சொல் கேட்பதில்லை. காய்ச்சலோடு கடும் வயிற்றுப்போக்கில் தொடங்கியது. 7 நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதும் காய்ச்சல் போய்விட்டது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மேளம்போல உப்புகிறது. இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார முடிகிறது. நாளைக்கு 4, 5 முறை கழிப்பறை. மலத்தில் இரத்தம் இல்லை. எடை 6 கிலோ குறைந்தது. ஹீமோகுளோபின் 9.1.

மலப் பரிசோதனையில் கிருமி இல்லை, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் அளவு இயல்பு, தைராய்டும் சரி. ஒரு மாதம் பாலை விட்டேன், பலனில்லை. புரோபயாட்டிக்கால் வாயு கூடியதுதான் மிச்சம். இரும்புச்சத்து மாத்திரை 3 மாதம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் அசையவில்லை.

கோதுமையை நிறுத்தியதும் பத்தே நாளில் உப்புசம் பாதியானது. அந்த மகிழ்ச்சியில் 5 மாதம் அதைத் தொடவே இல்லை. அதன் பிறகு சீலியாக் இரத்தப் பரிசோதனை எடுத்தேன், நெகட்டிவ். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கும் நோய்தான் சீலியாக். தவறு இங்கேதான். குளூட்டன் உள்ளே போகாவிட்டால் இந்தச் சோதனை தேடும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் படிப்படியாகக் குறைந்துவிடும், நோய் இருந்தாலும் முடிவு நெகட்டிவ் என்று வரலாம். கோதுமையை நிறுத்தியதைப் பற்றிச் சோதித்தவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது 6 வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்கிறார் மருத்துவர். 9 நாள் ஆகிறது. எல்லா உபாதையும் திரும்பிவிட்டது. இன்னொரு வழி மரபணுச் சோதனை: டிகியூ2, டிகியூ8 மரபணுக்கள் இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அந்தச் சோதனைக்குக் கோதுமை சாப்பிடவும் தேவையில்லை.

இதே நிலையில் இருந்தவர்கள் 6 வாரத்தையும் தாக்குப்பிடித்தீர்களா, மரபணுச் சோதனையை முதலில் செய்துகொண்டீர்களா?