இன்டர்வியூ காமெடி வீடியோ பார்த்தா ஆங்கில வார்த்தை மனசுல நிக்குமா?

செண்பகம்_பிகாம்:
வேலை இன்டர்வியூவை வெச்சு எடுத்த காமெடி வீடியோ ஒண்ணு, ஆறு நிமிஷம், முழுக்க ஆங்கிலம். கேக்குறவர் ஒண்ணு கேக்க, வந்தவர் வேற ஒண்ணு புரிஞ்சுக்கிறார், அதுதான் நகைச்சுவை. சிரிப்பு வருது, கதையும் புரியுது. ஆனா புது வார்த்தைகளை நோட்டுல தமிழ் அர்த்தத்தோட ஒரு பக்கம் எழுதி வெச்சும் மறுநாள் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நான் தமிழ்வழி, அக்கவுண்ட்ஸ் வேலைக்குத் தயாராகிறேன். இந்த மாதிரி வீடியோவால பலன் உண்டா? எப்படிப் பாக்கணும்?

மொழிப்பட்டறை:
பலன் உண்டு, செண்பகம். ஆனால் ஒரு பக்கம் தனிச்சொற்கள் எழுதும் வேலையை விட்டுவிடுங்கள். தனிச்சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதினால், பேசும்போது அதை எந்தச் சொல்லோடு சேர்ப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவோம். முழு வாக்கியமாக எடுங்கள்.

எந்த வாக்கியத்தை எடுப்பது என்பதைச் சிரிப்பே காட்டிக்கொடுக்கும். "வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யுமே" என்று அதிகாரி சொன்னதும் வந்தவர் எழுந்து நடக்கத் தொடங்குகிறார் என்று வையுங்கள். அதிகாரி கேட்டது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்லி. அதேபோல "வாட் டூ யூ டூ?" என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பது. "இப்போது உட்கார்ந்திருக்கிறேன்" என்று பதில் சொன்னால் அவர் "வாட் ஆர் யூ டூயிங்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு வீடியோவில் இப்படிப்பட்ட இடம் ஆறு முதல் எட்டு வரை இருக்கும். அவ்வளவு போதும்.

முதல் தடவை கீழே ஓடும் வரிகளை (சப்டைட்டில்) அணைத்துவிட்டு முழுவதும் பாருங்கள். இரண்டாம் தடவை வரிகளைப் போட்டு, ஒவ்வொரு சிரிப்பிலும் நிறுத்தி, அதிகாரியின் கேள்வியை அப்படியே எழுதுங்கள். வந்தவர் சொன்ன பதிலை எழுத வேண்டாம், வேண்டுமென்றே தப்பாக எழுதப்பட்ட வசனம் அது. அதற்குப் பதிலாக, நீங்கள் உண்மையில் சொல்லப்போகும் பதிலை இரண்டே வரியில் எழுதி, போனில் பதிவுசெய்து கேளுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் கேள்வியை மட்டும் பார்த்துப் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியல் அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-லேயே சோதித்து எழுதிவிட்டார். அதனால்தான் மறுநாள் திரும்பச் சொல்வதைத் தவறவிடக்கூடாது.

பேரேடு:
மேல சொன்னது சரி. அக்கவுண்ட்ஸ் வேலைன்னா ஒண்ணு சேர்த்துக்கோங்க. வெளிநாட்டு வீடியோவுல சம்பளக் கேள்வி சும்மா "சேலரி எக்ஸ்பெக்டேஷன்" னு வரும். நம்ம ஊர்ல சிடிசி (கம்பெனி உங்களுக்காகச் செய்யுற மொத்தச் செலவு), டேக் ஹோம் (கைக்கு வர்ற சம்பளம்) ரெண்டும் வேற வேற. சிடிசியில கம்பெனி கட்டுற பிஎஃப் பங்கு, பல இடங்கள்ல கிராஜுவிட்டியும் (வேலையை விடும்போது தர்ற பணிக்கொடை) சேர்ந்திருக்கும். கைக்கு வர்றது அதைவிடக் குறைவு. பதில் சொல்லும்போது எதைச் சொல்றீங்கன்னு சேர்த்தே சொல்லுங்க. நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய கால அவகாசம்), ப்ரொபேஷன் (ஆரம்பத் தகுதிகாண் காலம்), ரிலீவிங் லெட்டர் (பழைய கம்பெனி தர்ற விடுவிப்புக் கடிதம்) இதெல்லாமும் அந்த வீடியோக்கள்ல பெரும்பாலும் வராது, தனியா எழுதி வெச்சுக்கணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், நம்மகிட்ட ஊறிப்போன சில வாக்கியங்கள். "ஐ பாஸ்டு அவுட் இன் 2023" னு இங்க எல்லாரும் சொல்றோம், உள்ளூர் அதிகாரிக்குப் புரியும். வெளிநாட்டுக்காரர் காதுல அது மயங்கி விழுந்தேன்னுதான் விழும். "ஐ கிராஜுவேட்டட் இன் 2023" ரெண்டு இடத்துக்கும் பொருந்தும். "மைசெல்ஃப் செண்பகம்" வேண்டாம், "ஐ ஆம் செண்பகம்" போதும். "ஐ ஆம் ஹேவிங் ஒன் இயர் எக்ஸ்பீரியன்ஸ்" இல்ல, "ஐ ஹேவ் ஒன் இயர் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". சந்தேகம் கேக்க "ஐ ஹேவ் எ டவுட்" க்குப் பதிலா "ஐ ஹேவ் எ கொஸ்டின்". இந்த நாலையும் திருத்தினாலே பேச்சு நிறையத் தெளிவாயிடும்.

காதுகொடு:
காதுல விழுறது பத்தி யாரும் சொல்லல. எழுத்துல தெரிஞ்ச வார்த்தைகூட வேகமாப் பேசும்போது பிடிபடாது, ஏன்னா பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒட்டிக்கும். "வாட் டூ யூ டூ" நாலு சொல், காதுல "வாட்யடூ" னு ஒண்ணாத்தான் வரும். யூடியூப்ல வேகத்தை 0.75-க்குக் குறைங்க. 0.5 வேண்டாம், குரல் இழுபட்டு ஒலியே மாறிடும். கம்ப்யூட்டர்ல ஜே பட்டன் பத்து வினாடி பின்னால போகும், இடது அம்புக்குறி அஞ்சு வினாடி. ஒரே வரியைத் திரும்பக் கேக்க அம்புக்குறிதான் வசதி. போன்ல திரையோட இடப்பக்கம் ரெண்டு தட்டு.

தானா உருவாகுற வரிகளை, குறிப்பா தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுற வீடியோவுல, நம்பாதீங்க. சந்தேகப்பட்ட சொல்லை கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில போட்டா பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு ரெண்டும் தனித்தனியா கேக்கலாம். பல சொற்களுக்குப் பக்கத்துல ஏ2, பி1 னு நிலை குறிச்சிருக்கும் (ஏ1 எளிது, சி2 கடினம்). பி2 வரைக்கும் எடுத்துக்கோங்க, சி2 சொல்லை இப்போதைக்கு விட்டுடுங்க. அழுத்தம் எங்க விழுதுன்னும் கவனிங்க. "டெவலப்" ல அழுத்தம் நடு அசையில. "கம்ஃபர்டபிள்" ஐ அவங்க "கம்ஃப்டபிள்" னுதான் சொல்லுவாங்க.

செண்பகம்_பிகாம்:
எல்லாருக்கும் நன்றி. நேர்ல கேள்வியே புரியலன்னா என்ன பண்றது? அந்த வீடியோவுல வர்றவர் மாதிரி ஆயிடுமோன்னுதான் பயம்.

மொழிப்பட்டறை:
அவர் செய்யாத ஒன்றைச் செய்தால் போதும், அவர் ஒரு இடத்திலும் திரும்பக் கேட்பதில்லை, ஊகித்துப் பதில் சொல்கிறார். காதில் விழவில்லை என்றால் "குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். "கம் அகெய்ன்" நண்பர்களுக்குள் சரி, இன்டர்வியூவில் கொஞ்சம் அலட்சியமாக ஒலிக்கும். விழுந்தும் பொருள் உறுதியாகத் தெரியவில்லை என்றால், புரிந்ததைச் சொல்லிக் கேளுங்கள்: "டூ யூ மீன் மை லாஸ்ட் ஜாப்?" ஆம் அல்லது இல்லை என்று அவர் சொல்லிவிடுவார். இந்த இரண்டு வரியையும் உங்கள் எட்டு வாக்கியங்களோடு சேர்த்து அதே நான்கு நாட்களிலும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையாவது அதிகாரியின் கேள்விகளை வரிசை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறாமல் பழகினால் கேள்வியைக் கேட்காமலேயே அடுத்த பதில் வாயில் வந்துவிடும்.