கொய்யாவில் பழ ஈ: உறை கட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆயக்குடி பக்கம் 60 சென்டில் லக்னோ 49 ரகக் கொய்யா, 5-க்கு 5 மீட்டர் இடைவெளியில் 95 மரம். காய் நிறம் மாறும்போது குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று அமுங்குது. பிளந்தால் வெள்ளைப் புழு. பழ ஈதான், சந்தேகமில்லை.

மெத்தில் யூஜினால் (வாசனையால் ஈயை இழுக்கும் மருந்து) வைத்த பொறி 6 தொங்குது. டப்பா நிறைய ஈ, ஆனால் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டையிடும் பெண் ஈ அதற்கு வராது. உதிர்ந்த பழத்தை தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதைக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பழத்துக்கு மருந்தும் அடிக்க முடியாது, அடித்தபின் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாள் எங்கே கிடைக்கும்?

அதனால் இந்தப் போகத்துக்கு ஈ அண்டாமல் காய்க்கு உறை கட்டுவதுதான் வழி. பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் கட்டலாமா, இன்னும் முன்பேயா? நுரை வலை மட்டும் போட்டால் கண்ணி வழியாக ஈ குத்திவிடும். மேலே பாலித்தீன் பை மாட்டினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கட்டுது. அடியில் எத்தனை ஓட்டை போட்டீர்கள்? மாவுப்பூச்சி உள்ளே மாட்டினால் பழமே வெளுத்துப்போகுமே, கட்டுவதற்கு முன் வேப்பெண்ணெய் அடித்தவர்கள் உண்டா?

ஒரு ஆள் நாளைக்கு எத்தனை உறை கட்டுவார் என்றும் சொல்லுங்கள். கூலிக் கணக்கு அதில்தான் இருக்கு.