விண்டோஸ் 7 ஓடும் டிடிபி கடை கம்ப்யூட்டர்: மாற்றலாமா, அப்படியே விடலாமா?

கொழிஞ்சை_அச்சகம்

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், இப்படி. தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. சில பத்திரிகைகளில் ஒரே அட்டையில் ரெண்டும் வரும், பெண் வீடு பொள்ளாச்சி, மாப்பிள்ளை வீடு சித்தூர் என்றால் அப்படித்தான் (ஆந்திரா சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்).

கடையில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், சாதா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7, 32 பிட். பக்கம் அமைக்க பேஜ்மேக்கர் 7, படம் வரைய ஒரு பழைய கோரல் டிரா, தமிழுக்கு வானவில் எழுத்துரு, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா வகையறா. மலையாளம் அடிக்கிற மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் உண்டு, அதைக் குத்தினால்தான் திறக்கும். இது எல்லாம் இன்றைக்கும் ஒழுங்காக ஓடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை.

தொல்லை எல்லாம் இன்டர்நெட்டில்தான். குரோம் 109-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. பேங்க் பக்கம் திறந்தால் உலாவியைப் புதுப்பி என்று நிற்கிறது, வாட்ஸ்அப் வெப் தினமும் மிரட்டுகிறது. இப்போது பெண்ணு, மாப்பிள்ளை போட்டோ முதல் புரூப் திருத்தம் வரை எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அது நின்றால் கடை நின்ற மாதிரி. சர்வீஸ் பண்ணுகிற ஒருவர், பழைய 7-இன் லைசென்ஸ் கீயை வைத்தே ரெண்டு மணி நேரத்தில் 10 ஏற்றித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், 10 எல்லாம் முடிந்துபோன கதை, ஏதோ குறுக்கு வழியில் 11-ஏ போட்டுவிடலாம் என்கிறார். எனக்குப் பயம் என்னவென்றால், ஏற்றிய பிறகு பேஜ்மேக்கர் முரண்டு பிடித்தால் ஆவணி முகூர்த்தத்தில் நான் யார் முகத்தில் முழிப்பது? ஏற்றலாமா, விடலாமா, புதுசே வாங்கிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_ரிப்பேர்

அண்ணா, முதலில் அந்த ரெண்டு மணி நேரக்காரரிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள். 7 கீயை வைத்து 10-ஐ இலவசமாக ஏற்றும் சலுகை அதிகாரப்பூர்வமாக 2016 ஜூலையிலேயே முடிந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கீ சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. இப்போது ஒருவர் இலவசமாக 10 போட்டுத் தருகிறார் என்றால் அது கிராக்காக, அதாவது திருட்டுப் பதிப்பாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் கிராக் எதற்கு?

அப்படியே நல்ல லைசென்ஸ் வாங்கி ஏற்றினாலும் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று வீட்டுப் பயனர்களுக்கும் ஒரு திட்டம் விட்டிருக்கிறார்கள், 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அங்கே பேக்கப் விட்டால் காசில்லாமலும் கிடைக்கும் என்றுதான் அறிவித்தார்கள், ஆனால் அதுவும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் எல்லாம் வேண்டும். உங்கள் ஐ3 2012 காலத்துச் சரக்கு, அதற்கும் இதற்கும் எட்டாது. குறுக்கு வழியில் ஏற்ற முடியும், பொய் சொல்லவில்லை. ஆனால் தகுதி இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, 4 ஜிபி ரேமில் 11 ஓடுவதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உங்கள் டாங்கிள். 11-ல் 32 பிட்டே கிடையாது. 32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடும், ஆனால் டாங்கிள் மாதிரி சாதனங்களை இயக்கும் 32 பிட் டிரைவர் ஓடாது. அந்தக் கம்பெனி 64 பிட் டிரைவர் விட்டிருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் டாங்கிள் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளத்தான் ஆகும்.

என் யோசனை: பழசைத் தொடாதீர்கள். ஆபீஸ்களில் ஓடிய எட்டாம் தலைமுறை சின்ன டெஸ்க்டாப்கள் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன, ஒன்று வாங்கி நெட் வேலையை அதற்கு மாற்றுங்கள். வாங்கும் முன் கடையிலேயே ஆன் பண்ணி, மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டி, 11-க்குத் தகுதி என்று பச்சை டிக் வருகிறதா என்று பாருங்கள். எட்டாம் தலைமுறை என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி ஆறாம் தலைமுறையைத் தள்ளிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

வேலந்தாவளம்காரன்

எதற்கு இவ்வளவு செலவு? நெட் வயரைப் பிடுங்கி எறியுங்கள், வாட்ஸ்அப்பைப் போனில் பாருங்கள், போட்டோவை கேபிளில் ஏற்றுங்கள். தீர்ந்தது. ஓடுகிற வண்டியை எவனாவது பிரிப்பானா?

சித்தூர்_வாத்தியார்

மேலே சொன்னவர் சொல்வது பாதி சரி. நெட்டைப் பிடுங்கினாலும் பென் டிரைவ் இருக்கிறதே. டிடிபி கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென் டிரைவோடு வருவார்கள், அதில் எத்தனையில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வந்தது நினைவிருக்கும், அடி வாங்கியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது 7-க்கு அப்டேட்டே கிடையாது, 2020 ஜனவரி 14-ஓடு சரி. புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அது ஓட்டையாகவேதான் இருக்கும்.

நான் இங்கே தமிழ் வழிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கேரளாவில் அரசுப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் கொடுக்கும் லினக்ஸில்தான் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம்) எல்லாம் நடக்கிறது, உபுண்டு 22.04 என்ற லினக்ஸை வைத்துச் செய்தது, இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. தமிழ், மலையாளம் ரெண்டும் அதில் அடிக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக ஓட்டுகிறார்கள், உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், உங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்காவது ஒரு பழைய லேப்டாப் கிடந்தால், தமிழ்நாட்டு இலவச லேப்டாப்பாக இருந்தாலும் சரி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாற்றி லினக்ஸ் போட்டு பேங்க், வாட்ஸ்அப் வெப், மெயில் மூன்றையும் அதில் பார்க்கலாம். புதிய உலாவி வேண்டும் என்பதுதானே இப்போதைய பிரச்சினை, அதற்குப் புது விண்டோஸ் எதற்கு?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் பிரிண்டர் என்ன? பாதிக் கடைகளில் இருப்பது கேனான் எல்பிபி 2900. அதற்கு விண்டோஸில் டிரைவர் சுலபம், லினக்ஸில் தனியாக கேப்ட் டிரைவர் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். பிரிண்ட் எடுக்கும் வேலை லினக்ஸில் இல்லை என்றால் கவலை இல்லை.

கொழிஞ்சை_அச்சகம்

எல்லாருக்கும் நன்றி. பிரிண்டர் நீங்கள் சொன்ன அதே 2900தான் சார், பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள். ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் இந்தப் பதிலைப் பார்த்ததிலிருந்து, நான் போட்டுத் தருகிறேன் அப்பா என்று பின்னாலேயே சுற்றுகிறாள். டாங்கிள் யூஎஸ்பிதான், பேரலல் போர்ட் இல்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன், அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை.

ரெண்டு கம்ப்யூட்டர் என்பது மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் பழசு ஒரு நாள் படுத்துவிட்டால்? மதர்போர்டு போனால் அதே மாடல் எங்கே தேடுவது?

களியக்காவிளை_டிடிபி

நானும் எல்லைக்கடைதான், நீங்கள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. விண்டோஸ் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் எழுத்துரு பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது விண்டோஸ் 7 இல்லை, வானவில்லும் கார்த்திகாவும்தான். அந்த எழுத்துருவில் அடித்த கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும், எழுத்துரு போட்ட வேஷத்தில் தமிழாகத் தெரிகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் குப்பை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறையே பேஜ்மேக்கருக்குத் தெரியாது, 2001-ல் வந்த 7-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பே வரவில்லை. ஆக, என்ன விண்டோஸ் ஏற்றினாலும் நீங்கள் பேஜ்மேக்கரில் இருக்கும் வரைக்கும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

அதனால் பழைய கோப்புகளை எல்லாம் மாற்ற உட்காராதீர்கள், ஆயுசு போதாது. லிப்ரே ஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், சும்மா உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அது போதும், ஆனால் அதை அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது, வரிகள் நகர்ந்திருக்கும். திரும்பத் திரும்ப வருகிற வேலைகளை மட்டும் பாருங்கள். வருஷா வருஷம் அதே கோயில் நோட்டீஸ், அதே பில் புக், அதே சங்கத்து ரசீது. அவற்றை மட்டும் முதலில் பிடிஎஃப் எடுத்து வையுங்கள், அப்புறம் என்எச்எம் கன்வர்ட்டரில் தமிழை யூனிகோடுக்கு மாற்றிப் புது மென்பொருளில் ஒரு தடவை அமைத்துவிடுங்கள். மாற்றியதும் ஒற்று, கொம்பு, கால் எல்லாம் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், பத்திரிகையில் தாய்மாமன் பேர் தப்பானால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேஜ்மேக்கருக்குப் பதில் இன்டிசைனுக்குப் போவதாக இருந்தால் வேர்ல்டு-ரெடி கம்போசரை மறக்காமல் ஆன் பண்ணுங்கள், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம். 7-ல் லதாவில் அடித்த வேர்டு கோப்புகளை 10, 11-ல் திறந்தால் எழுத்து வேறு மாதிரி தெரியும், பக்கக் கணக்கே மாறும். லதா, மலையாளக் கார்த்திகா (எம்எல்-டிடி இல்லை, விண்டோஸோடு வரும் யூனிகோடு கார்த்திகா) ரெண்டும் இப்போது தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழ், மலையாளம் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் சேர்த்தால் வந்துவிடும். இது தெரியாமல் பலர் எழுத்துருவை நெட்டில் தேடி அலைகிறார்கள்.

எப்போது செய்வது என்றால், ஆடியில் செய்யுங்கள். அங்கே கர்க்கடகம், இங்கே ஆடி, ரெண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. நம் மாதிரி கடைக்கு அதை விட்டால் வேறு மாதம் இல்லை.

பொள்ளாச்சி_ரிப்பேர்

களியக்காவிளை அண்ணன் சொன்னதுதான் உள்ளபடி விஷயம். பழசு படுத்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு வழி இருக்கிறது. டாங்கிள் யூஎஸ்பி என்றதும் எனக்குப் பாதி நிம்மதி.

முதலில் குளோன்சில்லா என்ற மென்பொருளில் முழு டிஸ்க்கையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது முழு நகல், எடுங்கள். வேறு எதைச் செய்தாலும் இதற்குப் பிறகுதான். அப்புறம் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சின்னக் கருவி, மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. அதைப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டினால் உங்கள் விண்டோஸ் 7-ஐ பேஜ்மேக்கர், எழுத்துரு, கோரல் எல்லாவற்றோடும் ஒரே கோப்பாகச் சுருட்டிக் கொடுக்கும். விஎச்டிஎக்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு விஎச்டியாக எடுங்கள். புதுக் கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே உங்கள் பழைய டெஸ்க்டாப் அப்படியே வரும். டாங்கிளை அதற்குள் கொடுக்க யூஎஸ்பி ஃபில்டர் என்று இருக்கிறது. வரும்போது நீலத் திரை அடித்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் முறை (ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்) ஐடிஇயா ஏஎச்சிஐயா என்ற குழப்பம்தான், மாற்றிப் பாருங்கள். ஆக்டிவேஷன் திரும்பக் கேட்கலாம், கம்பெனி கம்ப்யூட்டரோடு வந்த லைசென்ஸ் என்றால் அதை விர்ச்சுவலுக்கு நகர்த்த உரிமை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெட்டை மட்டும் அந்த விர்ச்சுவலுக்குக் கொடுக்காதீர்கள், நெட்வொர்க் அடாப்டர் டிக்கையே எடுத்துவிடுங்கள்.

பழசு உயிரோடு இருக்கும் வரை அதிலேயே அடியுங்கள். ரெண்டுக்கும் நடுவே கோப்பு போக ஒரு லேன் கேபிள் போதும். பழசில் ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விடுங்கள், புதுக் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியும், இன்டர்நெட் தெரியாது. 11-ல் பாஸ்வேர்டு இல்லாத ஷேர் இப்போது மக்கர் பண்ணும், அதனால் ஒரு யூசர் பேர், பாஸ்வேர்டு வைத்தே ஷேர் பண்ணுங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவானாலும் புதுசில்தான் குத்த வேண்டும், ஸ்கேன் ஆன பிறகுதான் கோப்பு பழசுக்குப் போகும். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள், எம்எல்ஏ ஆபீஸ் பென் டிரைவாக இருந்தாலும்.

கேட்க மறந்தேன், அந்தக் கம்ப்யூட்டரில் தேதி சரியாகக் காட்டுகிறதா? அந்த வயசு போர்டில் சிமாஸ் பேட்டரி போயிருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும், பேங்க் பக்கம் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கொழிஞ்சை_அச்சகம்

தேதி பார்த்தேன், 2012 ஜனவரி என்று காட்டுகிறது! பேட்டரி மாற்றியதும் சில பக்கங்கள் திறக்கின்றன, பேங்க் மட்டும் இன்னும் உலாவியைப் புதுப்பி என்றுதான் சொல்கிறது. சரி, முடிவு பண்ணிவிட்டேன். இமேஜ் இந்த வாரமே. செகண்ட் ஹேண்டுக்குக் கோயம்புத்தூர் போகும்போது பிசி ஹெல்த் செக்கைப் பென் டிரைவில் கொண்டுபோகிறேன். அது வரைக்கும் பேங்க் வேலைக்கு வீட்டில் கிடக்கிற லேப்டாப்பில் மகள் லினக்ஸ் போடட்டும். எழுத்துரு மாற்றுகிற வேலை ஆடிக்கு.

அண்ணா, அந்த வெளி ஹார்டு டிஸ்க் 500 ஜிபி போதுமா, 1 டிபி வாங்கவா? உள்ளே 320 ஜிபி, அதில் பாதிக்கு மேல் போட்டோதான்.

பொள்ளாச்சி_ரிப்பேர்

1 டிபி வாங்குங்கள். குளோன்சில்லா காலி இடத்தை விட்டுவிடும், ஆனால் போட்டோ சுருங்காது, விஎச்டி கோப்புக்கும் அதிலேயே இடம் வேண்டும். எடுத்து முடித்ததும் இமேஜைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்கும், நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஆமாம் கொடுங்கள்.