ஹெட்லைட் கண்ணாடி மங்கிப்போவதற்கு என்ன சொல்?

புதூர், பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்கான செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. ஹெட்லைட்டின் முன்கண்ணாடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் கம்பெனி பூசிய காப்புப்பூச்சு வெயிலின் புறஊதாக் கதிரால் அரித்துப்போய், அடியிலுள்ள பிளாஸ்டிக் பழுத்து ஒளி மறைக்கிறது. இந்த நிலைக்குப் பெயர் வேண்டும். 'மங்கல்' என்று எழுதிப் பார்த்தேன். 'லைட் மங்கலா எரியுது' என்றால் மாணவன் பேட்டரியையும் எர்த்தையும் தேடிப் போகிறான்.

திருநகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'விளக்குப்புரை'. கண்புரை என்ற சொல் ஊரறிந்தது. புரைக்குக் குற்றம் என்று பொருள். 'புரைதீர்ந்த நன்மை' என்பது குறள். ஆனால் தொல்காப்பிய உரியியலில் 'புரை உயர்பு ஆகும்'. நன்னூலில் 'போலப் புரைய' என்று உவம உருபு வரிசையில் நிற்கிறது. குற்றம், உயர்வு, ஒப்புமை மூன்றும் ஒரே வேரா என்பது தனியே ஆராயத் தக்கது. 'புரையோடிய புண்' என்னும்போது உட்டுளை என்ற பொருளும் வருகிறது. துளையிலிருந்து குற்றம் பிறந்தது என்பேன். உயர்வு எப்படி வந்தது என்பதை அடுத்த மடலில் விரிக்கிறேன்.

திருமங்கலம், பெயிண்ட் பட்டறை:
ஐயா, கண்புரை விழிக்கு உள்ளே வருவது. நாம் பேசுவது வெளித்தோலில் வருவது. விளக்குக்குள்ளே நீர் கோத்து நிற்பது வேறு கோளாறு. அதற்குப் பின்மூடி ரப்பரையும் காற்றுத்துளையையும் விளிம்புப் பசையையும் பார்க்கணும். புரை என்று அச்சடித்தால், உள்ளே இருப்பதைப் பையன் வெளியே தேய்த்துக்கொண்டிருப்பான். கருவிழியில் வெள்ளை விழுந்தால் நம்ம பக்கம் 'கண்ணுல பூ விழுந்திருச்சு' என்கிறோமே, அந்தப் பூ வெளியே தெரிவது. 'விளக்குப்பூ' என்று வைங்க. வேலைக்குப் பெயர் 'பூவெடுப்பு'.

மேலூர், மொழிபெயர்ப்பாளர்:
சுவரில் உப்பு பூக்கிறது, துடைத்தால் போகும். இங்கே எதுவும் வந்து படியவில்லை, பொருளே கெட்டிருக்கிறது. 'பூ' என்று படித்தவன் பற்பசையைத் தடவித் துடைத்துவிட்டுப் போவான். காப்புப்பூச்சு இல்லாததால் சில வாரத்திலேயே பழையபடி ஆகும்.

திருமங்கலம்:
நீறு பூத்த நெருப்பு என்கிறோம். நீறு வெளியிலிருந்து வந்ததா? கங்கின் மேல்தோலே நீறானது. இதுவும் அப்படித்தான்.

திருநகர்:
நல்ல மேற்கோள். ஆனாலும் தாளில் 'வாட்டர் பேப்பர்', 'பாலிஷ்', 'கிளியர்' எல்லாம் கிடக்கின்றன. உப்புத்தாள், மெருகு, தெளிபூச்சு என்று மாற்றினால் என்ன?

திருமங்கலம்:
மெருகு சரி, தாராளமாகப் போடலாம். உப்புத்தாள் ஆகாது, ஐயா. கடையில் அப்படிக் கேட்டால் மரவேலைக்கு உள்ளதைக் கொடுப்பார்கள். அது தண்ணீர் பட்டதும் ஊறிக் கிழியும். ஈரத்தில் தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர்தான்.

பெயரை விட வரிசை முக்கியம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டை இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப்பால் மறைக்கணும். 1000 நம்பர் தாளால் (நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும்) படுக்கை வாட்டில் தேய்த்தால் முதலில் மஞ்சள் பால் வடியும். வெள்ளைப் பால் வரும்வரை விடக்கூடாது. பிறகு 1500 செங்குத்து வாட்டில், 2000 மறுபடி படுக்கையில். முந்தின கோடு அழிந்ததா என்று தெரியத்தான் திசை மாற்றுவது. தின்னரால் துடைத்தால் மயிரிழை வெடிப்பு விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். கிளியர் அடிப்பதானால் 2000-உடன் நிறுத்தணும், மெருகேற்றிய வழவழப்பில் பூச்சு பிடிக்காது. சித்திரை வெயிலில் சுட்டுக்கிடக்கும் கண்ணாடியில் அடிக்கவே கூடாது. ஹார்டனர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் கிளியர் என்றால் அதற்குரிய மூச்சுக்கவசம் கட்டாயம்.

புதூர்:
இங்கேதான் இரண்டாவது சொல் தேவைப்படுகிறது. 2000 தேய்த்து முடித்ததும் கண்ணாடி முன்னைவிட வெளுத்துத் தெரியும். கெடுத்துவிட்டோம் என்று பையன்கள் பயந்துபோகிறார்கள். அதையும் 'பூ' என்றால் குழப்பம்.

திருமங்கலம்:
அது 'தேய்ப்பு வெளுப்பு'. தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்க. ஈரம் நிற்கும்வரை உள்ளே பல்பும் அதைச் சுற்றி ஒளியைத் திருப்பும் குழிவும் பளிச்சென்று தெரிந்தால் வெறும் தேய்ப்புக் கோடு. கிளியர் அதை நிரப்பிவிடும். நனைந்தும் மஞ்சள் தெரிந்தால் பூ மிச்சமிருக்கு, 1000-க்குத் திரும்பணும். வலை மாதிரி வெடிப்பு உள்ளே இறங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, கண்ணாடியையே மாற்றணும்.

உசிலம்பட்டி, மெக்கானிக்:
வண்டிக்காரங்க சொல்றது 'மஞ்ச அடிச்சிருச்சு'. அதையே வைக்கலாமே?

மேலூர்:
வெள்ளையாக மட்டும் மங்கிய கண்ணாடிகளும் உண்டே.

புதூர்:
நேரமில்லை. தாளில் 'விளக்குப்பூ', 'தேய்ப்பு வெளுப்பு', 'பூவெடுப்பு' போகின்றன. முதல் பக்கத்தில் மட்டும் 'மஞ்சளடித்தல் என்றும் சொல்வர்' என்று ஒரு வரி. உள்ளே நீர் கோப்பது 'நீர்கோப்பு'.

திருநகர்:
உள்ளே கோப்பதற்காவது 'புரை' தந்திருக்கலாம். அது உட்டுளைப் பொருளோடு முழுதும் பொருந்தும். அடுத்த அச்சுக்குள் சான்றுகளோடு வருகிறேன்.

மேலூர்:
'பூ'வுக்கு என் மறுப்பு மறுப்பாகவே பதிவாகட்டும்.