பொருள்: 'எழுத்துச் சிதைவு' வேண்டாம், 'எழுத்துத் திரிபு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையில் எழுத்துகள் வேறு குறிகளாக மாறித் தெரியும் கோளாறுக்கு மொஜிபாகே என்று பெயர். அந்த ஜப்பானியச் சொல்லுக்கு ஈடாக 'எழுத்துச் சிதைவு' என்று வைத்துவிடலாம், பலரும் ஒத்துக்கொண்டாயிற்று, இந்த வாரத்தோடு முடித்துவிடலாம் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அந்தச் சொல் காதுக்குப் பிடிக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஒரு வாரத்து உழைப்பை அழித்தேன், அதுவும் என்னுடைய உழைப்பை அல்ல, அடுத்தவர்களுடையதை.

நடந்ததைச் சொல்கிறேன். நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன வாசகசாலையின் நூற்பட்டியல் தளத்தைப் பத்து வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பியில் எழுதிய பக்கங்கள், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், ஒரு உபுண்டு சர்வர், அவ்வளவுதான். பெரும்பகுதி தமிழ்ப் புத்தகங்கள், கூடவே புதுச்சேரிக் குடும்பங்கள் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன பிரெஞ்சுப் புத்தகங்கள் ஒரு அலமாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மைஎஸ்க்யூஎல்லை 5.7இலிருந்து 8.0க்கு ஏற்றினேன். முகப்புப் பக்கம் திறந்தது, ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினேன், விடை வந்தது, சரி என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை திண்டிவனம் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது நூலகர் அழைத்தார்.

"தம்பி, எழுத்தெல்லாம் சிதைஞ்சு போச்சுப்பா. ஒண்ணும் படிக்க முடியல."

"எல்லாமேவா சார்?"

"எல்லாந்தான். புக்கு பேரு, எழுதினவங்க பேரு, எல்லாம் போச்சு."

சிதைந்தது, போனது என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வந்ததும் எனக்குத் தரவுத்தளம் கெட்டுவிட்டது என்றுதான் பட்டது. என்ன தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்திலிருந்தே போனில் சர்வருக்குள் நுழைந்து, இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டு, அதற்கு முந்தைய ஞாயிறு தானாக எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றினேன். ஏற்றி முடித்துப் பார்த்தால் திரையில் அதே கோளாறு. நகலில் இருந்ததும் அப்படித்தான் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, எதுவுமே கெடவில்லை என்று. நூலகரும் அவருக்கு உதவும் ஒரு கல்லூரி மாணவியும் அந்த வாரம் உட்கார்ந்து ஏற்றியிருந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்களின் பதிவுகள் மட்டும் உண்மையிலேயே போயின. அழித்தது நான்தான். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அவர்கள் மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று விளக்கினால்தான் சொல்லைப் பற்றி நான் சொல்லவருவது புரியும். அந்த அட்டவணைகள் பழையவை, லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று அறிவிக்கப்பட்டவை. தளம் அனுப்பியதோ எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8. தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பும் லத்தீன்1, நிரலும் (அட்டவணையின் நெடுவரிசையும்) லத்தீன்1 என்பதால் மைஎஸ்க்யூஎல் எதையும் மாற்றாமல் வந்த பைட்டுகளை அப்படியே வாங்கி வைத்து, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. இத்தனை வருடமும் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது அதனால்தான். 8.0 பதிப்பில் இயல்பிருப்பு, அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது, யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8க்கு இதுதான் பெயர்). என் பிஎச்பி கோப்புகளில் இணைப்பின் குறிமுறையை நான் சொல்லி வைக்கவில்லை, ஆகவே இணைப்பு புதிய இயல்பிருப்புக்கு மாறியது, நிரல் பழைய லத்தீன்1 ஆகவே இருந்தது. இப்போது மைஎஸ்க்யூஎல் தன் கடமையைச் செய்தது: லத்தீன் எழுத்து என்று தான் நம்பிய ஒவ்வொரு பைட்டையும் யூடிஎஃப்-8க்கு மாற்றிக் கொடுத்தது.

'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் ஈ0 ஏஈ 95 என்று (பதினாறடிமான எண்ணில்) மூன்று பைட்டுகள். ஈ0 என்பதை லத்தீனாகப் படித்தால் தலையில் சாய்கோடு போட்ட ஏ. ஏஈ என்பது வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறி. 95 ஒரு கறுப்புப் பொட்டு. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் ஈ0தான், இரண்டாவது ஏஈ அல்லது, லத்தீனில் மேல்கோடாகத் தெரியும் ஏஎஃப்தான். அதனால்தான் அந்தக் கோளாறு வந்த பக்கத்தில் சாய்கோட்டு ஏவும் வட்டத்து ஆரும் மேல்கோடும் மாறி மாறி எறும்பு வரிசை போல ஓடும். பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு நொடியில் அடையாளம் தெரியும், ஆனால் போனில் அதைச் சொல்ல நூலகரிடம் சொல் இல்லை. 'சிதைஞ்சு போச்சு' என்பதுதான் அவரிடம் இருந்தது.

பிரெஞ்சு அலமாரிக்கும் இதே கதிதான், ஆனால் அங்கே அவ்வளவு தெரியவில்லை. பிரெஞ்சில் பாண்டிச்சேரியை எழுதினால் பத்து எழுத்து, நடுவே ஒரே ஒரு ஈயின் மேல் சாய்கோடு. அது மட்டும் இரண்டு குறிகளாக உடையும், மற்ற ஒன்பதும் நிற்கும், படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றுமே ஆகாது. தமிழில் 'புதுச்சேரி' என்பது (எழுத்தையும் அதோடு ஒட்டும் குறி, புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால்) பத்துக் குறியீடு, முப்பது பைட், முப்பதும் மாறிவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு நான் படுக்கப் போனது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரியும். இந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்துக்குச் சொந்தமாக ஒரு சொல் இல்லாமல், ஜப்பானியச் சொல்லையே கடன் வாங்கிக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடிபட்ட மொழிகள் எல்லாம் தமக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன. ஜெர்மன்காரர்கள் எழுத்து சாலட் என்கிறார்கள், சீனர்கள் குழம்பிய குறி என்கிறார்கள். ஜப்பானியச் சொல்லில் 'மொஜி' எழுத்து, 'பாகே' வேறு உருவம் எடுப்பது.

இந்த 'வேறு உருவம் எடுப்பது' என்பதுதான் முக்கியம். அதைத்தான் 'சிதைவு' விட்டுவிடுகிறது. சிதைந்த சிலை, சிதைந்த உடல், சிதைந்த ஓலை என்றால் போனது போனதுதான். நம்முடைய கோளாறில் எதுவும் போகவில்லை, ஒன்றை வேறொன்றாகப் படிக்கிறோம்.

இதற்குத் தமிழில் சொல் ஏற்கனவே இருக்கிறது: திரிபு. 'ஐயந்திரிபற' என்று எல்லோரும் எழுதுகிறோம். ஐயம் என்பது இதுவா அதுவா என்று தெரியாமல் நிற்பது. திரிபு என்பது கயிற்றைப் பாம்பு என்றே நம்பிவிடுவது. கயிறு கயிறாகவேதான் கிடக்கிறது, பார்த்தவர் கண்ணில்தான் பிழை. மைஎஸ்க்யூஎல் என் தமிழை லத்தீன் என்று நம்பியது இதேதான். 'எழுத்துத் திரிபு' என்று நூலகர் சொல்லியிருந்தால், நானும் அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தால், அழிக்கும் கட்டளைக்கு என் கை போயிருக்காது. நிரலை முதலில் இருமமாக (மொழி அடையாளம் இல்லாத வெறும் பைட்டுகளாக) மாற்றி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றினால் முடிந்தது, பத்து நிமிட வேலை. நேரே யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினால் திரிந்த எழுத்து அப்படியே உறைந்துவிடும், அதையும் சேர்த்து எச்சரிக்கிறேன்.

குழுவில் வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். கொரோனா காலத்திலிருந்து திரிபு என்றால் வைரஸ் வகை என்றுதான் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று ஒருவர் எழுதினார். அங்கேயும் உருமாறிய ஒன்றைத்தான் சொன்னோம், அதோடு 'எழுத்து' முன்னால் நிற்கும்போது யாரும் வைரஸை நினைக்க மாட்டார்கள். இன்னொருவர், தமிழாசிரியர், இலக்கணத்தில் திரிதல் என்பது புணர்ச்சியில் முறைப்படி நடக்கும் மாற்றம், பிழை அல்ல, பொற்குடம் பிழையா என்று கேட்டார். நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் இங்கே நடப்பதும் முறைப்படிதான் நடக்கிறது. 'க' எப்போதும் அதே மூன்று குறிகளாகத்தான் திரியும், பொன் பொற் ஆவது போல. முறை தெரிவதால்தான் மீட்க முடிகிறது. முறையில்லாமல் மாறியிருந்தால் அது வேறு கோளாறு.

அந்த வேறு கோளாறுக்கும் பெயர் வேண்டும். பக்கம் முழுக்கக் கேள்விக்குறியாக வருவதையும் நாம் சிதைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். லத்தீன்1 நிரலுக்குள் யூடிஎஃப்8எம்பி4 இணைப்பு வழியாகத் தமிழை நுழைத்தால், கண்டிப்பு முறை (பொருந்தாத தரவை மறுக்கும் அமைப்பு) அணைந்திருக்கும்போது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி சேமிக்கப்படும். 'புதுச்சேரி' பத்துக் கேள்விக்குறி ஆகும். அதிலிருந்து எந்தக் கருவியாலும் புதுச்சேரியை எடுக்க முடியாது. இலக்கணத்தின் தோன்றல், திரிதல், கெடுதல் வரிசையைப் பின்பற்றி இதற்கு 'எழுத்துக்கேடு' என்று முதலில் நினைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். இலக்கணத்தில் கெடுதல் என்றால் இல்லாமல் போவது, ஆனால் வீட்டில் பால் கெட்டுவிட்டது என்றால் பால் பாத்திரத்தில் இருக்கத்தான் செய்கிறது. போனில் கேட்பவருக்கு மறுபடி குழப்பம் வரும். 'எழுத்திழப்பு' என்றால் சந்தேகமே இல்லை, தரவிழப்பு என்று ஏற்கனவே எழுதுகிறோம், அதோடு ஒட்டிப் போகும். இழப்பு என்று சொன்னால்தான் பழைய நகலை ஏற்ற வேண்டும்.

ஒரு நுணுக்கம். கேள்விக்குறி தெரிந்தாலே இழப்பு என்று முடிவு கட்டக் கூடாது. நிரல் யூடிஎஃப்8எம்பி4 ஆகச் சரியாக இருந்து, இணைப்பு லத்தீன்1 ஆக இருந்தாலும் திரையில் கேள்விக்குறிதான் வரும், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஹெக்ஸ் போட்டு, சேமித்திருக்கும் பைட்டுகளைப் பாருங்கள். ஈ0 ஏஈ என்று தொடங்கினால் தமிழ் அப்படியே இருக்கிறது. சி3 ஏ0 சி2 ஏஈ என்று தொடங்கினால் திரிபு இரண்டு முறை குறியேறிச் சேமிப்பிலேயே போய்விட்டது, பெரும்பாலும் திருப்பிவிடலாம். வெறும் 3எஃப் வரிசை என்றால் இழப்பு.

திரிபை அவசரமாகத் திருத்தப் போய் இழப்பாக்கிவிடுவதும் உண்டு, இது தமிழுக்கென்றே வருகிற சிக்கல். மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 ஒட்டிப் போகும் விண்டோஸ்-1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. உகரக் குறியினுடையது 81. ஏ, ஐ இரண்டுக்கும் 8எஃப், 90. மைஎஸ்க்யூஎல் தன் லத்தீன்1இல் இந்தக் காலி இடங்களையும் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் திரிந்த எழுத்தைப் பக்கத்திலிருந்து நகலெடுத்து, குறிமுறை மாற்றும் ஐகான்விலோ பைத்தானிலோ 1252 என்று சொல்லித் திருப்பினால் அங்கே பிழை காட்டி நிற்கும், பிழையைத் தவிர்க்கச் சொன்னால் அந்த பைட்டைத் தூக்கிப் போட்டுவிடும். 'கடலூர்' என்பதில் கடைசிப் புள்ளி போய், ரகரத்துக்குப் பின்னால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று நிற்கும். என் முதல் முயற்சியில் ஊர்ப்பெயர் எல்லாம் இப்படித்தான் வந்தது.

அந்தக் கறுப்பு வைரத்துக்கு 'ஐயக்குறி' என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. இது என்ன எழுத்து என்று மென்பொருளுக்கே தெரியாதபோதுதான் அதை இடுகிறது. திரிபுக்குப் பக்கத்திலேயே ஐயமும் வந்து உட்காருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் இதை வற்புறுத்தவில்லை.

கட்டம் கட்டமாக வருவதை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அங்கே எழுத்து இயல்பாகவே இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. சர்வரில் பிடிஎஃப் உருவாக்கும்போது நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். 'கட்டம் விழுது' என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்வோம், புதுச் சொல் தேவையில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியுமே, அது திரிபுதான். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறிமுறைக் கோப்புகளும் அப்படியே.

பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்த பிஎச்பி கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும் மூன்று பைட்டுகளைத் 'தோன்றல்' என்று சொல்லி வரிசையை முழுமையாக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதைத் தனி மடலில் பேசலாம், இப்போது இரண்டு சொல்லை நிலைநிறுத்தினால் போதும்.

வாசகசாலைத் தளத்தின் உதவிப் பக்கத்தில் 'எழுத்துத் திரிபு', 'எழுத்திழப்பு' இரண்டையும் ஒவ்வொரு படத்தோடு போட்டுவிட்டேன். போன வாரம் ஒரு பக்கத்தில் மட்டும் கோளாறு வந்தபோது அந்த மாணவி "அண்ணா, இது திரிபுதான், இழப்பு இல்ல, வட்டத்துல ஆர் தெரியுது" என்று செய்தி அனுப்பினார். நான் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொண்டேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் 'எழுத்துச் சிதைவு' என்று வருகிற இடங்களை ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று இருக்கிறேன், மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து